பிறந்த சிசுவின் சாவும் தலைவிதியும்

(தாய்மார்களும் தோழர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கும் விஷயமானது, கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படும் ஒரு சிறு கிருமிப் பரிட்சையைப் பற்றியதாகும். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் பிரசவத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். கல்யாணமான நாலாவது மாதத்திலேயே "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்பதற்கு நமது ஆண்களுக்கு வெட்கம் கிடையாது. அந்த விசேஷம் எப்படி நடக்கிறது, அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தால் மாத்திரம் வெட்கம் வந்துவிடுகிறது. ஆகவே ஆண் தோழர்கள் தயவு செய்து எழுந்து போகாமல் இருந்து கேட்கவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். ஏனெனில், பெண்ணை எப்போது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, எந்தப் பரிட்சைக்குப் பணம் கொடுப்பது என்பதையெல்லாம் இன்றைக்கும் அநேக வீடுகளில் அவளைத் தவிர மற்ற எல்லோரும் சேர்ந்துதான் தீர்மானம் செய்கிறார்கள்.

விஷயம் என்னவென்றால், முழு மாதமும் நிறைந்து, கை கால் யாதொரு குறைவுமின்றி, வீறிட்டு அழுது பிறந்த ஒரு குழந்தை, பிறந்த சில மணி நேரத்திற்கெல்லாம் முனக ஆரம்பிக்கிறது. மூச்சு வேகமாக ஓடுகிறது. மார்பில் வைத்தால் பால் குடிப்பதில்லை. உடம்பு கொதிக்கிறது, அல்லது சில்லிட்டுப் போகிறது. துணி போலத் துவண்டு விடுகிறது. மறுநாள் செத்தும் போகிறது. நேற்று சர்க்கரை வழங்கிய வீட்டில் இன்று குழி தோண்ட ஆள் தேடுகிறார்கள்.

இப்படி நேர்ந்தால் நமது ஜனங்கள் என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்? கிழவிகள் பட்சி தோஷம் என்பார்கள், மாந்தம் என்பார்கள், யாரோ தீட்டோடு வந்து பார்த்துவிட்டாள் என்பார்கள். ஜோசியன் நட்சத்திரத்தைப் பார்த்து, அந்தப் பாதத்தில் பிறந்தது தங்காது என்பான். புரோகிதன் பூர்வ ஜென்ம பாவம் என்பான். அதற்குப் பரிகாரமும் சொல்லுவான், பரிகாரத்திற்குத் தட்சணையும் சொல்லுவான். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, கடைசியில் பழியானது பெற்றவள் தலையிலேயே வந்து விழும். "ராசியில்லாதவள்" என்று பேர். அவள் பால் கட்டிக்கொண்டு வலியில் துடிக்கும்போதே அவள் புருஷனுக்கு இரண்டாவது பெண் பார்க்கலாமா என்று யோசனை செய்த குடும்பங்களும் உண்டு. இந்த சமாதானங்களுக்கெல்லாம் ஒரே ஒரு குணம் பொதுவாக இருக்கிறது. அதாவது, சொன்னவுடன் கேள்வி நின்று போய்விடும். அடுத்த குழந்தைக்கு அதனால் ஒரு குன்றிமணி அளவு பிரயோஜனமும் கிடையாது.

"ஏன் செத்தது?" என்று விடாமல் கேட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அவர்கள் கண்டது என்ன என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

இந்தக் கதை ஒரு பசுவின் மடியிலிருந்து ஆரம்பமாகிறது. இங்கே மாடு வைத்திருக்கும் தோழர்கள் அநேகர் இருக்கிறீர்கள். மடிநோய் என்றால் என்னவென்று நாம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மடி வீங்கும், பால் திரிந்து வரும், பிறகு நின்றே போகும். 1887-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்தில் நொக்கார், மொல்லெரோ என்ற இருவர், இந்நோய்க்குக் காரணம் சங்கிலி போலக் கோத்துக்கொண்டு வளரும் ஒரு நுண்கிருமி என்று கண்டு எழுதினார்கள். அதற்குப் பின்னால் வைக்கப்பட்ட பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்பது. அகலாக்டியே என்றால் பாலற்றது என்று பொருள். அந்தக் காலத்தில் இது மாட்டு வைத்தியர் சங்கதி என்றே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பிறகு 1933-ல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ரெபெக்கா லான்ஸ்பீல்டு என்ற அம்மையார் இந்தச் சங்கிலிக் கிருமிகளை ஏ, பி, சி என்று தொகுதி தொகுதியாகப் பிரித்துக் காட்டினார். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம். அந்தப் பிரிவினையில் மாட்டு மடிக் கிருமியானது 'பி' தொகுதியில் வந்தது. 1935-ல் அவரும் ஹேர் என்பவரும் பிள்ளை பெற்ற பெண்களைப் பரிசோதித்தபோது, யாதொரு நோயும் இல்லாத பெண்களிடத்திலும் இந்த 'பி' தொகுதிக் கிருமி இருப்பதைக் கண்டார்கள். இருந்தும் நோய் இல்லையே, ஆகவே சாதுவான கிருமிதான் போலும் என்று எண்ணப்பட்டது. 1938-ல் இங்கிலாந்தில் பிரை என்ற டாக்டர், பிரசவித்த மூன்று பெண்கள் இதே கிருமியால் இறந்ததை எழுதினார். அப்போதும் உலகம் அதிகமாகக் கவனிக்கவில்லை. 1970-க்கு மேல்தான், அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பிறந்த சிசுக்களின் ரத்தத்தில் விஷமேறுவதற்கு முதன்மையான காரணம் இக்கிருமியே என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி செத்துப் போயின.

இக்கிருமியை டாக்டர்கள் சுருக்கமாக ஜிபிஎஸ் என்று சொல்லுகிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்த மூன்று எழுத்தைக் கண்டால் இதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இது எங்கே குடியிருக்கிறது? மனிதருடைய பெருங்குடலில் குடியிருக்கிறது. அங்கிருந்து பெண்களின் பிறப்புறுப்பிலும் வந்து தங்குகிறது. உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் கர்ப்பிணிகளில் ஐந்து பேருக்கு ஒருவர் வீதம் இதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். சுமப்பவளுக்கு வலியில்லை, அரிப்பில்லை, காய்ச்சலில்லை; அவளுக்கே தெரியாது. ஆண்களின் குடலிலும் இது இருக்கிறது. ஆகையால் இதைத் தீட்டு என்றோ, நடத்தைக் குறைவு என்றோ, சுத்தக் குறைவு என்றோ சொல்லுவதற்கு யாருக்கும் யோக்கியதை கிடையாது. தினம் மூன்று வேளை குளித்து மடி கட்டிக்கொள்ளும் அம்மாளுக்கும் இருக்கலாம். வயலில் நாற்று நடும் அம்மாளுக்கும் இருக்கலாம். வயிற்றில் சோறு செரிக்கும் இடத்தில் எத்தனையோ கிருமிகள் இருக்கின்றன, அவைகளில் இதுவும் ஒன்று. அவ்வளவுதான்.

ஆபத்து எப்போது வருகிறதென்றால், பனிக்குடம் உடைந்த பிறகும், குழந்தை வெளியே வரும் வழியிலும் வருகிறது. அப்போது குழந்தை இக்கிருமியை விழுங்கியும் மூச்சில் இழுத்தும் விடுகிறது. பெரியவர்களை ஒன்றும் செய்யாத கிருமி, எதிர்ப்புச் சக்தி நிரம்பாத சிசுவின் நுரையீரலுக்கும் ரத்தத்திற்கும் மூளையுறைக்கும் போய்விட்டால் ஆளை முடித்துவிடுகிறது. பிழைத்த குழந்தைகளிலும் சிலவற்றுக்குக் காது கேளாமலும், கண் தெரியாமலும், மூளை வளர்ச்சி குன்றியும் போகிறது.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணக்கு என்றால் தூங்கிவிட வேண்டாம். நமது எதிரிகளுக்குக் கணக்கைக் கண்டால்தான் பயம். ஒரு ஆஸ்பத்திரியில் 1000 பிரசவம் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒருவர் வீதம் 200 தாய்மாரிடம் கிருமி இருக்கும். யாதொரு மருந்தும் கொடுக்காமல் விட்டால், அந்த 200 பேர் பெறும் குழந்தைகளில் பாதிக்கு, அதாவது 100 குழந்தைகளுக்கு, கிருமி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டுதான் நோயில் விழும். ஆகவே 1000 பிரசவத்தில் நோய்ப்படுவது இரண்டு, மூன்று, மிஞ்சினால் நாலு குழந்தை. இது சிறு தொகைதானே என்று தோன்றலாம். நாட்டுக் கணக்காகப் பார்த்தால்தான் இதன் பயங்கரம் தெரியும். உலக சுகாதார ஸ்தாபனமும் லண்டன் சுகாதாரக் கல்லூரியும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்த ஒரு கிருமியால் வருஷந்தோறும் உலகத்தில் ஏறக்குறைய 1,50,000 சிசுக்கள் செத்துப் பிறந்தோ, பிறந்து செத்தோ போகின்றன.

சரி, இதைத் தடுக்க என்ன செய்தார்கள்? முதலில், கர்ப்ப காலத்திலேயே மருந்தைக் கொடுத்துக் கிருமியை ஒழித்துவிடலாம் என்று பார்த்தார்கள். அது பலிக்கவில்லை. மருந்தை நிறுத்தியதும் குடலிலிருந்து கிருமி திரும்பவும் வந்துவிட்டது. பிறகு, பிரசவ வலி எடுத்த பின் தாயின் ரத்தக் குழாயில் நேராக மருந்தைச் செலுத்தினால், அது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும் அல்லவா, அப்படிச் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். சிக்காகோ நகரத்தில் பாயர், காட்டாப் என்ற இரு டாக்டர்கள் இதைச் செய்து பார்த்து 1986-ல் வெளியிட்டார்கள். கிருமியுள்ள, ஆபத்து அதிகமென்று கருதப்பட்ட தாய்மாரில் ஒரு பாதிக்கு வலி எடுத்தபோது ஆம்பிசிலின் மருந்து கொடுத்தார்கள். மற்றப் பாதிக்குக் கொடுக்கவில்லை. மருந்து கொடுத்த 85 பேரின் குழந்தைகளில் ஒன்றின் ரத்தத்திலும் கிருமி ஏறவில்லை. கொடுக்காத 79 பேரின் குழந்தைகளில் ஐந்துக்கு ஏறியது. இதுதான் நிரூபணம் என்பது. ஒரே மாதிரியான இரண்டு கூட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்குச் செய்து ஒன்றுக்குச் செய்யாமல் எண்ணிப் பார்ப்பது. பரிகார பூஜையை இம்மாதிரி எந்தக் கோவிலிலாவது, எந்த மடத்திலாவது எண்ணிப் பார்த்ததுண்டா என்று கேட்கிறோம்.

மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் யாருக்குக் கொடுப்பது? இங்கேதான் பரிட்சை வருகிறது. நிரூபணம் வந்தவுடன் எல்லா ஆஸ்பத்திரிகளும் மாறிவிட்டன என்று நினைக்காதீர்கள். பத்து வருஷம் சும்மா கிடந்தது. குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர்கள் சங்கம் வைத்துக்கொண்டு, "எங்களிடம் முன்னாலேயே ஏன் சொல்லவில்லை?" என்று கிளர்ச்சி செய்தார்கள். அதன் பிறகே 1996-ல் அமெரிக்க சர்க்காரின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் விதி வகுத்தது. அப்போதும் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, எல்லோருக்கும் பரிட்சை செய்வது. மற்றொன்று, காய்ச்சல், குறை மாதம், பனிக்குடம் உடைந்து நேரமாவது முதலிய ஆபத்துக்குறி உள்ளவர்களுக்கு மாத்திரம் மருந்து கொடுப்பது. இரண்டையும் நடத்தி எண்ணிப் பார்த்ததில், எல்லோருக்கும் பரிட்சை செய்யும் வழியே மிகவும் மேல் என்று தெரிந்து, 2002-ல் அதையே பொது விதியாக்கினார்கள். 1990-ஐ ஒட்டி அந்நாட்டில் 10,000 பிறப்புக்குச் சுமார் 18 குழந்தைகள் முதல் வாரத்திலேயே இந்நோயில் விழுந்தன. 2015-ல் அது 10,000-க்கு இரண்டு சொச்சமாகக் குறைந்துவிட்டது. நட்சத்திரங்கள் அப்படியேதான் இருந்தன. கிரகங்களும் இடம் மாறவில்லை.

இனி பரிட்சை எப்படியென்று சொல்லுகிறோம். தாய்மார்கள் கவனமாய்க் கேட்கவேண்டும். கர்ப்பத்தின் 36-வது, 37-வது வாரத்தில், பஞ்சு சுற்றிய ஒரு மெல்லிய குச்சியைப் பிறப்புறுப்பின் வாயிலிலும், பிறகு ஆசனவாயிலும் தடவி எடுக்கிறார்கள். கத்தியில்லை, ஊசியில்லை, வலியில்லை. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதை, இக்கிருமி வளரவும் மற்றக் கிருமிகள் அடங்கவும் செய்யும் ஒரு சாற்றில் போட்டு வளர்க்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும். ஒன்றில் மாத்திரம் எடுத்தால் தப்பிவிடக்கூடும். ஏன் முன்னாலேயே, ஐந்தாம் மாதத்தில் செய்யக்கூடாது என்றால், இக்கிருமி வரும் போகும் சுபாவமுடையது. பரிட்சையின் முடிவு சுமார் ஐந்து வாரத்துக்குத்தான் நம்பத் தகுந்தது.

"ஐயோ, அந்த இடத்தில் எடுப்பதா!" என்று வெட்கப்படும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லுகிறோம். எப்படி எடுப்பதென்று நர்சு சொல்லிக் கொடுத்தால் பெண்ணே தனியறையில் போய்த் தானே எடுத்துக் கொடுக்கலாம். அதுவும் சரியாகவே இருக்கிறதென்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். தன் உடம்பைத் தான் தொடுவதற்கும் புருஷன் உத்தரவு, மாமியார் உத்தரவு வேண்டுமென்று யாராவது சொன்னால், அவர்களிடம் வாதாடிக் காலத்தைப் போக்காமல் நேராகப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

கிருமி இருக்கிறதென்று முடிவு வந்தால் பயப்பட வேண்டியதில்லை. அன்றைக்கே மருந்து சாப்பிட வேண்டியதும் இல்லை. சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, வலி எடுத்தாலும் பனிக்குடம் உடைந்தாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டைக் காட்டவேண்டும். அங்கே பெனிசிலினை முதலில் 50 லட்சம் யூனிட்டும், பிறகு நாலு மணிக்கு ஒரு தடவை 25 லட்சம் முதல் 30 லட்சம் யூனிட் வரையும் பிள்ளை பிறக்கும் வரையில் ரத்தக் குழாயில் செலுத்துவார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத உடம்பானால் குச்சி எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வேறு எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமென்று பார்த்து வைப்பார்கள். பிள்ளை பிறப்பதற்குக் குறைந்தது நாலு மணி நேரம் முன்னால் முதல் ஊசி போய்ச் சேர்ந்திருந்தால்தான் பூரண பலன் உண்டு.

இந்த நாலு மணி நேரம் என்பதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். ஏனென்றால், நம் ஊரில் வலி எடுத்த பெண்ணை வாசற்படியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, ராகு காலம் போகட்டும், எமகண்டம் கழியட்டும் என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்றரை மணி நேர ராகு காலத்தைத் தப்ப வைத்து, நாலு மணி நேர மருந்தைத் தவறவிட்டால், அந்தக் குழந்தையின் ஜாதகத்தை யார் கணித்தது என்று சொல்லுவீர்கள்? இன்னும் சிலர், நல்ல நட்சத்திரத்தில் பிள்ளை பிறக்கவேண்டுமென்று வயிற்றைக் கிழித்து எடுக்கும் ஆபரேஷனுக்கு ஜோசியனிடம் நாள் கேட்டு வருகிறார்கள். எம்.ஏ., பி.ஈ. படித்தவர்களே இதைச் செய்கிறார்கள். ஜோசியனுக்கு ஆஸ்பத்திரியிலும் ஒரு நாற்காலி போட்டு விடலாம் போலிருக்கிறது. நிற்க.

நாம் பகுத்தறிவைப் பேசுகிறவர்களாதலால், மறு கட்சிக்காரர் சொல்லுவதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இங்கிலாந்து தேசத்துப் பரிட்சைக் குழுவானது, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிட்சை வேண்டியதில்லை என்று 2017-ல் ஆராய்ந்து சொல்லியது. அவர்கள் மூடர்களுமல்ல, குழந்தைகளிடத்தில் இரக்கமில்லாதவர்களுமல்ல. அவர்கள் சொல்லும் நியாயம் என்னவென்றால், இரண்டு மூன்று குழந்தைகளைக் காப்பாற்ற 200 தாய்மாருக்கு மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. பெனிசிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தையின் குடலில் முதன் முதல் குடியேற வேண்டிய நல்ல கிருமிகளையும் மருந்து தொந்தரவு செய்கிறது. 36-வது வாரத்தில் கிருமி இருந்தவளுக்குப் பிரசவ நாளில் இல்லாமலும் போகிறது, இல்லாதவளுக்கு வந்தும் விடுகிறது என்பதாகும். இவையெல்லாம் உண்மைதான். எல்லோருக்கும் பரிட்சை செய்யும் அமெரிக்காவிலும், இப்போது நோயில் விழும் நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல், "கிருமி இல்லை" என்று பரிட்சையில் வந்த தாய்மாருக்குப் பிறந்தவைகளாகவே இருக்கின்றன. ஆகவே இது சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்ல வரவில்லை.

ஆனால் இங்கிலாந்தின் கணக்கையும் பார்க்கவேண்டும். ஆபத்துக்குறி உள்ளவர்களுக்கு மாத்திரம் மருந்து என்ற வழியில் போன அந்நாட்டில், 2000-ஐ ஒட்டி 10,000 பிறப்புக்கு 5 என்றிருந்த நோய், 2015-ஐ ஒட்டி 6-க்குச் சமீபமாய் வந்துவிட்டது, குறையவில்லை. அமெரிக்காவில் ஆரம்பத்திலேயே நோய் அதிகமாதலால் இரண்டையும் அப்படியே நிறுத்துப் பார்ப்பது சரியல்ல என்பதும் வாஸ்தவம். அதற்காக அவர்கள் என்ன செய்தார்கள்? எங்கள் முன்னோர் சொன்னது, ஆகவே சரி என்று உட்கார்ந்துவிடவில்லை. சுமார் 80 ஆஸ்பத்திரிகளையும் 3,20,000 தாய்மார்களையும் சேர்த்து, எந்த வழி மேல் என்று எண்ணிப் பார்க்கும் பெரிய ஆராய்ச்சிக்குத் திட்டம் போட்டு இறங்கினார்கள். இருதரப்பு டாக்டர்களும் சண்டை போட்டுக்கொள்ளுகிறார்களே, இதை எப்படி நம்புவது என்று வைதிகர் கேட்பார்கள். கணக்கைக் காட்டிச் சண்டை போடுகிறவனை நாம் நம்பலாம். கணக்கு மாறினால் அவன் மாறிக்கொள்ளுவான்.

நமது நாட்டு நிலைமை என்ன? எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஜிபிஎஸ் பரிட்சை செய்ய வேண்டுமென்ற பொது விதி இந்தியாவில் இல்லை. கேட்டால் செய்யும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நமது சிசுக்களைக் கொல்லுவதில் வேறு கிருமிகளும் முன்னணியில் நிற்கின்றன. டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை பார்த்ததில், அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை என்ற மூன்றுமே அதிகமாகக் காணப்பட்டன. அவைகளில் பல ஆஸ்பத்திரியிலேயே கைக்குக் கை பரவுகிறவை. ஆதலால் பஞ்சுக் குச்சியோடு சோப்பும் தண்ணீரும் வேண்டும். 1847-ல் வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ அறைக்கு வருமுன் குளோரின் நீரில் கை கழுவும்படி மற்ற டாக்டர்களைக் கட்டாயம் செய்தபோது, அந்த வார்டில் நூற்றுக்கு 18 தாய்மார் செத்துக்கொண்டிருந்தது இரண்டே மாதத்தில் இரண்டாகக் குறைந்தது. அதற்காக டாக்டர்களே அவர் மேல் கோபித்துக்கொண்டார்கள். பெரிய மனிதன் கையில் அழுக்கு இருக்குமா என்பது அவர்கள் வாதம்! ஆகவே டாக்டரிடத்திலும், "கை கழுவினீர்களா?" என்று கேட்பதற்கு நாம் கூச்சப்படவேண்டியதில்லை.

நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே இனாமாகச் செய்யப்படும் மற்றொரு கிருமிப் பரிட்சையும் இருக்கிறது. அதுதான் சிபிலிஸ் என்னும் மேகநோய்க்கான ரத்தப் பரிட்சை. இந்தக் கிருமி தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்கே போய்க் கர்ப்பம் கலையவும், பிள்ளை செத்துப் பிறக்கவும் செய்கிறது. காலத்தில் கண்டுபிடித்து, பிரசவத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட்டால் பெரும்பாலும் குழந்தை தப்பிவிடுகிறது. நோய் பழையதானால் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஆனால் இதில் ஒரு வேடிக்கை. பெண்ணுக்கு நோய் உண்டென்று தெரிந்ததும் வீடே அவளைத் தூற்றுகிறது. அவளுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்த ஆண்பிள்ளை, தன் கையை நீட்டி ரத்தம் கொடுக்க மறுக்கிறான். அவனுக்கும் மருந்து போடாவிட்டால், குணமானவளுக்கு அவனே திரும்பவும் கொடுத்து, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிடுவான். இங்கே இருக்கும் ஆண் தோழர்கள், மனைவி கர்ப்பமானவுடன் அவளோடு கூடவே போய்த் தாங்களும் ரத்தம் கொடுத்துவிட்டு வருவதென்று வைத்துக்கொண்டால், இந்தச் சங்கடம் பாதி தீர்ந்துவிடும்.

சீட்டு எழுதிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறோம்.

ஆபரேஷன் செய்து எடுத்தால் இந்த ஊசி வேண்டுமா என்று ஒரு தோழர் கேட்கிறார். வலி எடுக்காமல், பனிக்குடம் உடையாமல், முன்னமே குறித்த நாளில் செய்யும் ஆபரேஷனானால் இந்தக் கிருமிக்காக ஊசி வேண்டியதில்லை. ஆனாலும் பரிட்சை செய்து வைப்பது நல்லது; குறித்த நாளுக்கு முன்னால் வலி வந்துவிடக்கூடும் அல்லவா?

முதல் குழந்தை இந்நோயால் போய்விட்டது, அடுத்ததற்கு என்ன செய்வது என்று ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அம்மா, உங்களுக்குப் பரிட்சையே வேண்டியதில்லை. முன் குழந்தைக்கு வந்திருந்தாலும், இந்தக் கர்ப்பத்தில் மூத்திரத்தில் இக்கிருமி காணப்பட்டிருந்தாலும், கேள்வியில்லாமல் பிரசவ வலியின்போது ஊசி போட வேண்டுமென்பது விதி. டாக்டரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். போன குழந்தைக்கு நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அது தலைவிதியென்று உங்களிடம் சொன்னவர்களுக்கு இந்தக் கிருமியின் பெயர்கூடத் தெரியாது.

கிருமியுள்ள தாய் பால் கொடுக்கலாமா என்று மற்றொருவர் கேட்கிறார். தாராளமாய்க் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

தடுப்பூசி கிடையாதா என்பது கடைசிச் சீட்டு. தாய்க்குக் கர்ப்பத்தில் போட்டு, அவள் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்து குழந்தைக்குப் போய்ச் சேரும்படியான தடுப்பூசி வேண்டுமென்று 1976-லிருந்தே யோசனை நடக்கிறது. தாயிடம் அந்தச் சத்து குறைவாயிருந்தால் குழந்தைக்கு நோய் எளிதில் வருகிறதென்று கரோல் பேக்கர் என்ற அம்மையாரும் அவருடைய தோழரும் அவ்வருஷத்தில் காட்டினார்கள். தடுப்பூசிகள் செய்து கர்ப்பிணிகளிடத்தில் பரிசோதித்தும் வருகிறார்கள். அது கைக்கு வரவேண்டிய அவசியம் என்னவென்றால், பிரசவ நேர ஊசியானது முதல் வார நோயைத்தான் தடுக்கிறது. ஏழாம் நாளுக்கு மேல் மூன்றாம் மாதம் வரையில் வரக்கூடிய மூளைக்காய்ச்சலை அது தடுப்பதில்லை. ஆகையால் வீட்டுக்கு வந்த பிறகும் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, முனகினாலோ, எழுப்பினாலும் எழுந்திருக்காமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மாந்தத்துக்கு மந்திரிக்கிறவனையும் உரமருந்து உரைக்கிற கிழவியையும் தேடிக்கொண்டிருக்காமல், நடு இரவானாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டியது.